எந்தக் கை?

பெருமாள்மலை,
9 டிசம்பர் 1961

சிஸ்டர் கித்தேரியம்மாள் அவர்களுக்கு,

காலை பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. அப்போது நான் பெருமாள்மலை வளைவுக்கு மேலே டெலிபோன் கம்பத்தில் இருந்தேன். முந்தின நாள் காற்றில் கிளை விழுந்து கொடைக்கானல் லைன் இரைந்துகொண்டிருந்தது. ஒட்டுப் போட்டு முடித்து, இடுப்பில் தொங்கும் டெஸ்ட் ஃபோனைக் கம்பியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். எப்போதும் "சொல்லுய்யா மெக்கானிக்கு" என்று ஆரம்பிக்கிற ஆபரேட்டர் சேனாதிபதி, "பொன்னு, மொதல்ல கீழ எறங்கு. எறங்கிட்டுப் பேசுவோம்" என்றான்.

நான் இறங்கவில்லை. "லைன் சுத்தமா கேக்குதா, அதச் சொல்லு" என்றேன்.

"கேக்குதுய்யா" என்றான். அப்புறம் சொன்னான்.

நான் போட்ட ஒட்டு வழியாகத்தான் என் மனைவி தமயந்தி இறந்த செய்தி வந்தது. ஒரு கரகரப்பும் இல்லை.

உங்கள் பிரசவ வார்டில் மூன்றாவது கட்டில் அவள். பெண் குழந்தை பிறந்தது. நன்றாக எழுந்து உட்கார்ந்தாள், ரசம் கேட்டாள். பிறகு குளிர்காய்ச்சல் வந்தது, அது இறங்கவே இல்லை. பிரசவ ஜன்னி என்றார் டாக்டர். கிருமி தானாக உள்ளே போகாது, தொட்ட கை வழியாகத்தான் போகும் என்று அவரே வாய்தவறிச் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வருகிறது. எந்தக் கை?

பார்க்க வந்தபோதெல்லாம் வாசலில் லைசால் என்ற கிருமிநாசினி கலந்து வைத்திருக்கும் பேசினில் கையை நனைத்த பிறகுதான் என்னை உள்ளே விட்டீர்கள். அந்த வாடை சாப்பிடும்போதும் அடித்தது. அவ்வளவு கண்டிப்பான இடத்தில் இது எப்படி நடந்தது? சுற்றி வளைக்க வேண்டாம். ஒரு பெயர் எழுதுங்கள், போதும்.

பொன்னுவேல்
டெலிபோன் மெக்கானிக்


கொடைக்கானல்,
14 டிசம்பர் 1961

திரு. பொன்னுவேல் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இழப்புக்கு ஆஸ்பத்திரியார் மிகவும் வருந்துகிறார்கள். நோயாளிகளைப் பற்றிய விவரங்களைச் செக்ரட்டரி திரு. உபகாரம் அவர்களுக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளவும். வார்டு ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் பதில் எழுதுவதற்கில்லை.

இங்ஙனம்,
கித்தேரியம்மாள்
வார்டு சிஸ்டர்

மேலே உள்ளதை எழுதச் சொன்னார்கள். இது நானாக எழுதுவது. குழந்தை எங்கே இருக்கிறாள்? பால் குடிக்கிறாளா? புட்டிப்பாலானால் புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் அலசினால் போதாது.


பெருமாள்மலை,
17 டிசம்பர் 1961

சிஸ்டர் அவர்களுக்கு,

சில ஃபோனை எடுத்துக் காதில் வைத்தால் ஒன்றுமே கேட்காது. இரைச்சல்கூட இருக்காது. செத்த லைன் என்போம். உங்கள் கடிதத்தின் மேல்பாதி அப்படி இருந்தது.

உங்கள் செக்ரட்டரியிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவரா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தார்? நீங்கள் பார்த்தீர்கள். டாக்டர் பார்த்தார். துணி மாற்றிய ஆயாம்மா பார்த்தார்கள். மூன்று பேரில் ஒருவரைச் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

குழந்தை பண்ணைக்காட்டில் என் மனைவியின் அக்கா வீட்டில் இருக்கிறது. இருக்கிறது என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பொன்னுவேல்


கொடைக்கானல்,
28 டிசம்பர் 1961

தம்பி பொன்னுவேலுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் தாளில் எழுதாமல் கடையில் வாங்கிய தாளில் எழுதுகிறேன். தபால்பெட்டியிலும் நானே போடுவேன்.

நீங்கள் கண்டிப்பு என்று நினைத்தீர்களே, அந்தப் பேசினைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மார்கழியில் இங்கே காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். அதில் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்து நாளெல்லாம் கழுவ எந்த நர்ஸாலும் முடியாது. முயன்றவர்களுக்குக் கை வெடித்து ரத்தம் வந்தது. எனக்கும் வெடித்தது. வெந்நீர் பாய்லர் ஒன்றுதான். உடம்பு தேற வந்து காட்டேஜில் தங்கும் பணக்காரர்கள் குளித்த மிச்சம் எங்களுக்கு இரண்டு வாளி வரும். ஒன்று தாய்மார்களுக்கு. மற்றதில் லைசாலைக் கலந்து வாசல் பேசினில் ஊற்றுவோம். சாயங்காலம்வரை அதே தண்ணீர். டாக்டர், நர்ஸ், ஆயா, பார்க்க வருகிறவர்கள் என்று எல்லார் கையும் அதில்தான். துடைக்க ஆணியில் ஒரே துண்டு. மதியத்துக்குள் லைசால் நீர்த்து, வாடை மட்டும் இருக்கும். வாடை இருக்கிறவரை மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம்.

உங்கள் மனைவிக்குக் குழந்தை பிறந்த அன்று காலையில் ஆண்கள் வார்டுக்கு ஆள் குறைவு என்று என்னைக் கூப்பிட்டார்கள். கவுஞ்சியிலிருந்து வந்த ஒரு விவசாயி. மண்வெட்டி பட்ட கால், சீழ் பிடித்துத் தொடைவரை சிவந்திருந்தது. கட்டுப் போட்டேன். அங்கே குளிர்ந்த தண்ணீரில் அவசரமாக அலசினேன். திரும்பி வந்து பேசினில் கையை நனைத்தேன், துண்டில் துடைத்தேன், மூன்றாவது கட்டிலுக்குப் போனேன். என் பின்னால் டாக்டர் அதே பேசினில் நனைத்தார். அவருக்குப் பின்னால் ஆயா சோலையம்மாள். சாயங்காலம் நீங்கள்.

காய்ச்சல் தெரிந்ததும் பென்சிலின் போட்டோம். நோய் முந்திக்கொண்டது.

எந்தக் கை என்று கேட்டீர்கள். என் கையைச் சொல்ல எனக்குப் பயமில்லை. ஆனால் என் பெயரை மட்டும் சொன்னால் நான் போய்விடுவேன், பேசின் இருக்கும். இன்னொரு சிஸ்டர் வந்து அதிலேயே கையை நனைப்பாள். அதனால் தம்பி, நீங்கள் கேட்ட மாதிரி ஒரு பெயரை நான் தரமாட்டேன்.

போன வாரம் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ச் செக்ரட்டரியின் ரோஜாப் பாத்தியில் கவிழ்த்தேன். உபகாரம் சார் ஓடி வந்தார்.

"என்ன சிஸ்டர், வாசல்ல பேசினக் காணோம்? இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தா என்னத்தச் சொல்ல?"

"தண்ணி உங்க ரோஜாவுக்கு சார். பேசின் குப்பையில கெடக்கு."

"வெள்ளக்காரன் காலத்துல இருந்து இருக்கிற ஒழுங்கும்மா அது!"

"ஆமா சார். அப்ப இருந்து ஒருத்தர் கையில இருக்கிறத எல்லாருக்கும் பங்கு வச்சிட்டு இருக்கோம்."

அதன்பிறகு கெட்டிலில் வெந்நீர் வைத்து, சோலையம்மாள் ஊற்ற ஊற்ற நாங்கள் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். ஓடுகிற தண்ணீர். ஆளுக்கு ஒரு துணி. டாக்டரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "எங்க வீட்டுக் கல்யாணத்துலகூட இம்புட்டுப் பேரு கைக்கு நான் தண்ணி ஊத்துனதில்ல" என்று சோலையம்மாள் சிரிக்கிறாள். ஆனால் அவள் வேறு வேலையாகப் போய்விட்டால் கழுவின கையாலேயே கெட்டிலைத் தூக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் கழுவி என்ன பயன்? இதற்குத்தான் வழி தெரியவில்லை.

குழந்தையை 'இருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

கித்தேரியம்மாள்


பெருமாள்மலை,
4 ஜனவரி 1962

சிஸ்டர் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எதுவுமே வருவதில்லை. சாப்பிடுகிறேன், கம்பம் ஏறுகிறேன், இறங்குகிறேன்.

ஆனால் பேசின் புரிந்தது. பழைய லைன்களில் ஒற்றைக் கம்பிதான். பேச்சு திரும்பிப் போகும் வழி மண். நாலு வீட்டுக்கும் சேர்த்து மண்ணுக்குள் ஒரே எர்த் கம்பியை இறக்கியிருந்தால், ஒரு வீட்டில் பேசுவது மற்ற மூன்றிலும் கேட்கும். வீட்டுக்காரர்கள் ஃபோனை மாற்று என்று சண்டைக்கு வருவார்கள். எத்தனை ஃபோன் மாற்றினாலும் கேட்கும். எர்த்தைத் தனித்தனியாகப் பிரித்தால் அன்றைக்கே நின்றுவிடும். இதை நானே எத்தனையோ வீட்டில் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரு பெயர் கேட்டது, ஃபோனை மாற்று என்று கேட்டதுதான்.

கெட்டில் விஷயத்துக்கு வழி இருக்கிறது. ஒரு டிரம், அடியில் குழாய். குழாயின் கைப்பிடியில் எடை கட்டினால் தானாக மூடிக்கொள்ளும். கைப்பிடியிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பியைக் கப்பி வழியாகத் தரைக்கு இறக்கி, ஒரு பலகையில் கட்ட வேண்டும். பலகையை மிதித்தால் தண்ணீர். காலை எடுத்தால் நிற்கும். கை எதையும் தொடாது. டிரம்முக்கு அடியில் வெளிப்பக்கமாக அடுப்பு. தைலமர விறகு உங்கள் காம்பவுண்டிலேயே கிடக்கிறது, பாய்லரை நம்ப வேண்டாம். அளவு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாமான் நான் கொண்டுவருவேன். யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

தமயந்தி சொல்வாள்: "ஊரே பேச லைன் இழுக்கிறீக. வீட்டுக்குள்ள ஒரு வார்த்த பேச என்ன கூலி கேக்குறீக?" நான் அதற்கும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

பொன்னுவேல்


கொடைக்கானல்,
25 ஜனவரி 1962

தம்பி பொன்னுவேலுக்கு,

நீங்கள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பகல் முழுக்கத் துளை போட்டு, வைத்த காப்பியையும் ஆற விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். போகும்போது மூன்றாவது கட்டில் பக்கம் திரும்பாமலே நடந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

பலகை நன்றாக வேலை செய்கிறது. முதல் நாள் சோலையம்மாள் மிதித்துவிட்டு, தண்ணீர் விழவும் துள்ளிக் குதித்தாள். "ஏலே, மிதிச்சாப் பேயுதுடா மழை!" என்று கத்தியதில் பிரசவ வலியில் இருந்தவளே சிரித்துவிட்டாள். அடுப்பில் விறகு குறையாமல் பார்த்துக்கொள்வது அவள்தான். டாக்டர் கழுவாமல் கட்டிலுக்குப் போனால், "ஐயா, மழையில நனஞ்சிட்டு வாங்க" என்று வழியை மறிக்கிறாள். அவருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் திரும்பிப் போய் மிதிக்கிறார். பேசினைக் கவிழ்த்த பிறகு இந்த வார்டில் ஒரு தாய்க்கும் காய்ச்சல் வரவில்லை.

இனி கெட்ட சேதி. தமயந்தி இறந்ததைப் பற்றி மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பேசினைச் சொன்னால் வெந்நீரைச் சொல்ல வேண்டும். வெந்நீரைச் சொன்னால் காட்டேஜ்களைச் சொல்ல வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக் கமிட்டி சோலையம்மாளைப் பிடித்துக்கொண்டது. அசுத்தமான கையோடு தாயைத் தொட்டாள், அதனால் நேர்ந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படித் தொட்டதை நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் பேசாமல் இருக்கிறார். அவர்களுக்குச் சாட்சி வேண்டும். அது நீங்கள்தான். தினமும் வந்து பார்த்த கணவன் கையெழுத்துப் போட்டால் அவளை வேலையை விட்டு நீக்கி விஷயத்தை முடித்துவிடுவார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அவளை நீக்க அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை.

அதற்குள்ளேயே வாட்ச்மேனை விட்டு அவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். நான் யூனிஃபார்மோடு கேட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். மறுநாளும் நிறுத்தினார்கள். மறுநாளும் போனேன். வாட்ச்மேன் என்னிடம், "சிஸ்டர், நான் கண்ண மூடிக்கிறேன், நீங்களே வெரசா தெறந்துக்கிட்டுப் போங்க" என்கிறான். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று உபகாரம் சார் எனக்கு ஜாடையாகச் சொன்னார். "என் சாமான் ஒரு டிரங்குப் பெட்டி சார், தூக்க ஆள் வேண்டாம்" என்றேன்.

நீங்கள் ஒரு பெயர் கேட்டீர்கள். நான் தரவில்லை. அவர்கள் தருகிறார்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். இதில் நான் உங்களைக் கெஞ்சமாட்டேன். செத்தது உங்கள் மனைவி.

குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா?

கித்தேரியம்மாள்


பெருமாள்மலை,
3 பிப்ரவரி 1962

சிஸ்டர் அவர்களுக்கு,

நேற்று உபகாரம் சார் ஃபோனில் வந்தார். என் குவார்ட்டர்ஸில் டிபார்ட்மென்ட் ஃபோன் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குரல் தேனாக இருந்தது. பேசியதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும்.

"தம்பி, ஒங்க சம்சாரத்துக்கு நடந்த அநியாயத்துக்கு ஒரு நியாயம் கெடைக்கப் போகுது. அந்த ஆயாவக் கண்டுபிடிச்சிட்டோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"என்னன்னு போடணும்?"

"அவ கையக் கழுவாமத் தொட்டத நீங்க பாத்தீங்கன்னு."

"நான் பாத்தது அவுங்க பேசின்ல கைய முக்குனத. ஒங்க டாக்டரும் முக்குனாரு. நானும் முக்குனேன். நீங்க ஒரு நா கழுத்துல மாலையோட வார்டு பாக்க வந்தீங்களே, நீங்களும் முக்குனீங்க. நாலு பேரையும் எழுதுங்க, போடுறேன்."

அவர் பேச்சை மாற்றினார். "ஒங்க வேதன எனக்குப் புரியுது. கமிட்டியில பேசி மூணாவது கட்டில்ல தமயந்தி அம்மா பேரப் பித்தளையில பொறிச்சு மாட்டப் போறோம். காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

சிஸ்டர், எனக்குக் கோபம் வந்தது. டிசம்பரிலிருந்து முதல் தடவையாக ஒன்று வந்தது. எழுந்து நின்று பேசினேன்.

"அவ அந்தக் கட்டில்ல கெடந்து துடிச்சது பத்தாதா? அதுலயே ஆணி அடிச்சு மாட்டணுமா? பேரு வைக்கணும்னா அந்தத் தண்ணி டிரம்முல எழுதுங்க. இல்லாட்டி சும்மா இருங்க."

தேன் போய்விட்டது. அரசாங்கக் கம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மாட்டியதாக என் டிவிஷனல் இன்ஜினியருக்கு எழுதுவாராம். "எழுதுங்க சார். அது சைக்கிள் பிரேக் கம்பி. பெருமாள்மலை சைக்கிள் கடை சின்னக்கருப்பன் கழிச்சுப் போட்டது. அவர் பேரையும் சேத்து எழுதுங்க, சந்தோசப்படுவாரு" என்று வைத்துவிட்டேன்.

பிறகு கமிட்டிக்கு நானே எழுதினேன். இதே தபாலில் போகிறது. மேலிடத்துக்கும் ஒரு நகல். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'என் மனைவியைக் கொன்றது ஒரு ஆயாவின் கை அல்ல. நாள் முழுக்க மாற்றாத ஒரு பேசின் தண்ணீர், ஒரே துண்டு, வார்டுக்கு வராத வெந்நீர். வார்டு சிஸ்டர் அதைக் கவிழ்த்தார். சோலையம்மாள் தினமும் அடுப்பு எரிக்கிறார். இவர்களில் யாரை நீக்கினாலும் என் மனைவி எதனால் செத்தாள் என்பதை நான் பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்வேன். பேசின் திரும்ப வாசலுக்கு வந்தாலும் சொல்வேன். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். கட்டிலில் பெயர் வேண்டாம்.'

இன்னொன்று உங்களுக்கு மட்டும். அன்றைக்குப் பேசினில் நனைத்தவர்கள் வரிசையில் என்னைக் கடைசியாக எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உங்கள் கடிதத்துக்கு முன்பே தெரியும். அன்று சாயங்காலம் கம்பத்திலிருந்து இறங்கி நேரே வந்தேன். அந்தக் கையோடு தமயந்தியின் தலையைக் கோதினேன், குழந்தையின் வாயைத் தொட்டுப் பார்த்தேன். அதனால்தான் ஒரு பெயர், என் பெயர் இல்லாத ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டேன். அதனால்தான் இதுவரை குழந்தையைத் தூக்கவில்லை.

இன்று வெள்ளனே முதல் பஸ்ஸில் தமயந்தியின் அக்கா, சண்முகசுந்தரி மதினி பண்ணைக்காட்டிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கிவிட்டார். வாசலில் நின்றே ஆரம்பித்தார். "நீங்க வருவீக வருவீகன்னு பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு தம்பி. கம்பத்தக் கட்டிப் புடிக்கத் தெரியுது, பெத்த புள்ளயத் தூக்கத் தெரியலயோ?"

"கை சுத்தமில்ல மதினி" என்றேன்.

"அப்ப கழுவுங்க! அதுக்கும் மிசினு செஞ்சுதான் கழுவணுமா? நான் ஊத்துறேன், வாங்க."

இப்போது அடுப்பில் தண்ணீர் சூடாகிறது. குழந்தை என் கட்டிலில் தூங்குகிறாள். வாய் தமயந்தி வாய். பெயர் இன்னும் வைக்கவில்லை. எழுந்ததும் முகத்தைப் பார்த்து வைக்கலாம் என்கிறார் மதினி.

கமிட்டி இன்று சாயங்காலம் கூடுகிறதாம். நான் இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து ஃபோன் மூன்று தடவை அடித்துவிட்டது. குழந்தை இரண்டு தடவை திடுக்கிட்டாள். கடைசித் தடவை எடுத்தால் சேனாதிபதி. "ஆஸ்பத்திரிக்காரரு லைன்ல நிக்காருய்யா, ஒரே ஒரு கையெழுத்துங்கிறாரு, குடுக்கவா?" என்றான். அவன் குரல் அழாத குறையாக இருந்தது. வேண்டாம் என்றேன். "அப்ப திரும்பத் திரும்ப அடிப்பாரே, நான் என்னத்தச் சொல்ல?" என்றான். லைனில் கோளாறு என்று சொல்லச் சொன்னேன். "பொய்யா?" என்றான். "இல்ல, இப்ப உண்மையாயிரும்" என்றேன்.

திங்கட்கிழமைவரை எனக்கு லீவு. லைன் சோலியைக் கூட வேலை பார்க்கும் நாச்சிமுத்து பார்த்துக்கொள்வார், சொல்லிவிட்டேன். மதினி சொம்பை எடுத்துவிட்டார், கூப்பிடுகிறார். திருப்புளியால் ஃபோனின் இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டேன்.

பொன்னுவேல்